குங்குமச் சிமிழ் நின்ற இடம்

எங்கள் பக்கத்தில் கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிறவர்கள் தாம்பாளத்தோடுதான் வருவார்கள். வெற்றிலை பாக்கு, பழம், பத்திரிகை, ஓரத்தில் ஒரு குங்குமச் சிமிழ். பத்திரிகையைக் கொடுப்பதற்கு முன்னால் சிமிழைத் திறந்து வீட்டுப் பெண்ணிடம் நீட்ட வேண்டும். அவள் விரலால் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்ட பிறகுதான் முறையாக அழைத்ததாக ஆகும். கணவனை இழந்தவளுக்குச் சிமிழ் திறக்காது. பத்திரிகை மட்டும் கைக்கு வரும்.

என்னிடம் வரும்போதுதான் எல்லோரும் திண்டாடிப் போவார்கள். நான் கணவனை இழந்தவள். ஆனால் நெற்றியில் பொட்டு வைத்திருக்கிறேன். கண்ணுக்குத் தெரியாத ஸ்டிக்கர் பொட்டு இல்லை, நாலு வீடு தள்ளி நின்றாலும் தெரிகிற குங்குமப் பொட்டு. அதைப் பார்த்ததும் வந்தவளின் கை தானாக மூடியைத் திறந்துவிடும். பாதி தூரம் நீளும். அப்புறம் ஞாபகம் வரும். கை அங்கேயே நிற்கும். சிலருக்குச் சரியாக அந்த நேரத்தில் இருமல் வரும். ஒருத்தி, "குங்குமம் ஈரமாயிட்ச்சி போல" என்று சொல்லி மூடினாள். அது சித்திரை மாதம், ஊரில் ஒரு சொட்டு மழை இல்லை. பதினொரு வருஷமாகப் பார்த்துப் பார்த்து, யார் கை எந்த இடத்தில் நிற்கும் என்பது எனக்கு மனப்பாடம். அவர்கள் எதிரில் எனக்குச் சிரிப்பு வரும். அவர்கள் போன பிறகு வராது.

போன வருஷம் ஆடிக் கிருத்திகைக் கூட்டம் வடிந்து, காவடிக்காரர்கள் மலையடிவாரத்தில் விட்டுப்போன பூவையெல்லாம் அள்ளி முடித்த வாரத்தில் தம்பியும் அவன் மனைவியும் பத்திரிகையோடு வந்தார்கள். அவர்களுக்கு அம்மையார்குப்பத்தில் வீடு, வீட்டிலேயே விசைத்தறி. கல்யாணம் அவர்களுடைய ஒரே பெண்ணுக்கு. அவள் திருத்தணியில் பள்ளிக்கூடம் படித்த ஐந்து வருஷமும் என் வீட்டில்தான் இருந்தாள். எனக்குப் பிள்ளை இல்லை. அவளுக்குத் தலை பின்னிவிட்டதும் நான்தான், கணக்குப் பாடத்துக்காக அவளோடு சண்டை போட்டதும் நான்தான். எங்கள் வழக்கத்தில் பெண்ணுக்கு நலங்கு வைக்கும்போது முதல் கை அத்தையுடையது. ஆகவே இந்த ஒரு சிமிழாவது என்னிடம் வந்து சேரும் என்று நம்பியிருந்தேன். காலையிலேயே குளித்து, நல்ல புடவையாக எடுத்துக் கட்டிக்கொண்டு காத்திருந்தேன்.

தம்பி மனைவி தாம்பாளத்தை எடுத்தாள். சிமிழைத் திறந்தாள். கை நீண்டது. நான் எழுந்து நின்றேன், என் விரல்கூட எழுந்துவிட்டது. அதைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. அவள் கை நின்றது.

"இன்னாத்துக்கு அண்ணி நிக்கிறீங்க, உக்காருங்க," என்றாள். மூடியைப் போட்டுவிட்டுப் பத்திரிகையை நீட்டினாள். "நலங்குக்கு முந்தின நாளே வந்துடுங்க. சமையக்கட்ட நீங்கதான் பாத்துக்கணும்."

தம்பி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "ஆங், வந்துடுக்கா," என்றான்.

வருகிறேன் என்றேன். காபி போட்டுக் கொடுத்தேன். அவர்கள் போன பிறகு நல்ல புடவையை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினேன். தாலுகா அலுவலகத்துக்கு எதிரே பத்திரம் டைப் அடிக்கிற கடையில் எனக்கு வேலை. அன்றைக்கு அடித்ததில் பாதி தப்பு.

இந்தப் பொட்டு என் நெற்றியில் நிலைத்ததற்கு ஒரு நாவலாசிரியர் காரணம். பெயர் சொல்லப் போவதில்லை. சொன்னால் எல்லோரும் அவரைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள், நான் சொல்ல வந்தது நின்றுபோகும். அச்சகத்தில் பிழை திருத்துகிறவராக வாழ்க்கையைத் தொடங்கியவர். விடியற்காலையில் எழுந்து எழுதிவிட்டு வேலைக்குப் போவாராம். அவருடைய அக்காவுக்குப் பத்தொன்பது வயதில் கணவன் போய்விட, தலையை மழித்துப் பின்கட்டில் உட்கார வைத்துவிட்டார்கள். அவர் பிற்பாடு எழுதியதெல்லாம் அந்தப் பின்கட்டைப் பற்றித்தான். அவருடைய நாவல் வாரப் பத்திரிகையில் தொடராக வந்தபோது திட்டி வந்த கடிதங்களும் கும்பிட்டு வந்த கடிதங்களும் சமமாக இருந்தன என்று சொல்வார்கள். அதைப் படித்துவிட்டு, கணவனை இழந்த பெண்ணைக் கட்டிக்கொண்ட ஆசிரியர் ஒருவரை எனக்கே தெரியும். பெற்ற தாயை மணமேடையில் தன் பக்கத்தில் நிறுத்தி வைத்துத் தாலி கட்டியவனையும் தெரியும்.

நான் அந்த நாவலைப் படித்தது பதினாறு வயதில். பக்கத்து வீட்டில் வாராவாரம் கிழித்துச் சேர்த்துப் பைண்டு செய்து வைத்திருந்தார்கள். அதில் கதாநாயகியின் பெரியம்மாவுக்கு மொட்டை அடிக்கிற இடம் ஒன்று வரும். நான் திருத்தணிப் பெண். பெண்கள் மொட்டை அடித்துத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு சிரித்த முகமாக மலையிறங்கி வருவதைத் தினம் பார்த்து வளர்ந்தவள். அந்தப் பெரியம்மாவுக்கும் ஏதோ வேண்டுதல், முருகனுக்கு முடி கொடுத்திருக்கிறாள் என்றுதான் நினைத்துக்கொண்டேன். அடுத்த பக்கத்தில் வீடே ஏன் அழுகிறது என்று விளங்காமல் திரும்பத் திரும்பப் படித்தேன். கடைசி அத்தியாயத்தில் கதாநாயகி பொட்டை அழிக்க வந்த கையைத் தட்டிவிடுவாள். பட்டப்பகலில் கதவைத் திறந்து, நெற்றியில் பொட்டோடு தெருவில் இறங்கி நடப்பாள். முற்றும்.

எனக்குக் கல்யாணமாகிச் சில வருஷங்கள் கழித்து அவர் எங்கள் ஊர் நூலகத்துக்குப் பேச வந்தார். திருப்பதி பஸ்ஸில் கண்டக்டராக இருந்த என் வீட்டுக்காரர், டியூட்டி முடிந்த கையோடு காக்கிச் சட்டையிலேயே என்னைக் கூட்டிக்கொண்டு போனார். கேள்வி கேட்கலாம் என்றதும் நான் எழுந்து இந்த மொட்டைக் கதையைச் சொன்னேன். கூட்டமே சிரித்தது. அவரும் சிரித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "மொட்டைன்னா வேண்டுதல்னு நினைக்கிற ஊர்ல என் அக்கா பொறந்திருக்கலாம்," என்றார்.

வீட்டுக்குத் திரும்பும்போது என் வீட்டுக்காரர் சொன்னார்: "ஏம்மே, நான் பூட்டேன்னா நீயும் அந்தக் கதையில வர்றவ மாதிரி பொட்டு வெச்சிக்கினு இரு. அது இல்லாட்டி உனுக்கு மொகமே இல்ல."

வாயைக் கழுவுங்க என்று திட்டினேன். நல்ல மனிதர், நாக்கில்தான் எப்போதும் சனி. திருப்பதி பஸ் நிலையத்தில், வண்டி எடுக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது, பையை மடியில் வைத்துக்கொண்டு சீட்டில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியத்தில் பெண்கள் என்னைச் சுற்றி உட்கார்ந்தார்கள். தாலியை நானே கழற்றிக் கொடுத்தேன். "இது அவரு கட்டுனது, அவரோட போட்டும். பொட்டு எங்கம்மா எனக்குத் தொட்டில்லயே வெச்சது. அதக் குடுக்க மாட்டேன்," என்றேன். ராத்திரியெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வசனம். தம்பி எழுந்து, "உடுங்க, எங்கக்கா இஷ்டம்," என்றான். நாவலில் வருகிற மாதிரி யாராவது என் கையைப் பிடித்து இழுப்பார்கள், நான் தட்டிவிட வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாரும் தொடவில்லை. ஒருவர் பின் ஒருவராக எழுந்து போய்ச் சாப்பிட்டார்கள். அவ்வளவுதான். அன்றைக்கு எழுந்து போனவர்கள் அப்புறம் என் பக்கத்தில் வந்து உட்காரவே இல்லை. சண்டை போட்டிருந்தால் சமாதானமாவது ஆகியிருக்கலாம்.

அந்த நாவலாசிரியருக்குக் கடிதம் எழுதினேன். நடந்ததைச் சொல்லிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டேன். தெருவில் இறங்கி நடந்தாளே உங்கள் கதாநாயகி, மறுநாள் அவளை யார் வீட்டுக்குக் கூப்பிட்டார்கள்? ஒரு வாரத்தில் அஞ்சலட்டை வந்தது. நுணுக்கிய எழுத்து, ஓரத்தில் முகவரி. என் கடிதத்தைவிடப் பெரிய பரிசு தனக்குக் கிடைத்ததில்லை என்று எழுதியிருந்தார். மறுநாளை எழுத வேண்டியது என்னைப் போன்றவர்கள்தான் என்றும் எழுதியிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாசல் வரைக்கும் கையைப் பிடித்துக் கூட்டிவந்து, தெருவில் விட்டுவிட்டு, மீதியை நீ பார்த்துக்கொள் என்றால் என்ன நியாயம்? நான் பதில் போடவில்லை. அட்டையை மட்டும் பத்திரமாக வைத்திருந்தேன்.

அவரைக் குறை சொல்லிக்கொண்டே இருப்பதும் தப்பு. எங்கள் தாலுகா அலுவலகத்திலேயே கணவனை இழந்து வேலைக்கு வருகிற பெண்கள் சிலர் இருக்கிறார்கள். எல்லோரும் பொட்டு வைக்கிறார்கள், பூ வைக்கிறார்கள், டீ குடிக்கிறார்கள், சிரிக்கிறார்கள். தம்பி பத்திரிகை வைக்க வருவதற்கு முந்தின மாதம், ஆனியில், அவர் இறந்தபோது செய்தித்தாளை எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். ஒருத்திக்கும் அவர் யாரென்று தெரியவில்லை. "ஏதோ கதையெல்லாம் எழுதுவாரே, அவரா?" என்று ஒருத்தி கேட்டாள். யாரென்றே தெரியாமல் அவர் சொன்னபடி வாழ்ந்துகொண்டிருக்கிறார்கள். ஒரு எழுத்தாளனுக்கு இதைவிட என்ன வேண்டும் என்று அப்போது தோன்றியது. ஆனால் அவர்களிடமும் கேட்டுப் பார்த்திருக்கிறேன். குங்குமம் யாரும் நீட்டுவதில்லை.

தம்பி வீட்டுப் பத்திரிகை வந்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை அந்த அஞ்சலட்டையை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு சென்னை ரயிலில் ஏறினேன். துக்கம் விசாரிக்க என்று சொல்லிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் எனக்கு யாரிடமாவது கோபித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அவர் இல்லை, வீடாவது இருக்குமே. மணவூரில் ஏறிய கீரைக்காரி ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து, வீட்டுக்காரர் என்ன வேலை என்று கேட்டாள். கண்டக்டர் என்றேன். பொட்டு வைத்திருப்பதில் இந்த ஒரு வசதி உண்டு, தெரியாத ஊரில் அவர் உயிரோடு இருப்பார்.

பெரம்பூரில் இறங்கி விசாரித்துப் போனேன். மாடி வீடு. கதவைத் திறந்தவர் அவருடைய மனைவிதான். எழுபது வயது தாண்டியிருக்கும். நெற்றி வெறுமையாக இருந்தது. பொட்டு வைத்து வைத்து வெளுத்துப்போன வட்டம் மட்டும் தெரிந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த வீட்டிலேயா?

திருத்தணியிலிருந்து வருகிறேன், அவருடைய வாசகி என்றேன். உட்கார வைத்துக் காபி கொடுத்தார். வீட்டில் வேறு யாரும் இல்லை. பிள்ளைகள் வெளியூரில். நான் அவருடைய நெற்றியைப் பார்க்காமல் இருக்க முயன்றேன், முடியவில்லை. அவரே பேச்சை எடுத்தார்.

"இதைத்தானே பாக்கறே? வர்றவங்க எல்லாரும் இதைத்தான் பாக்கறாங்க," என்றார். "யாரும் என்னைக் கட்டாயப்படுத்தலம்மா. நானாத்தான் எடுத்தேன். பெரியவன் சொன்னான், அப்பா என்ன எழுதினார், நீ பொட்டோடதான் இருக்கணும்னு. போட்டோ எடுக்க வந்தவன், பொட்டு வெச்சுக்கிட்டு ஒரு படம் எடுத்துக்கலாமான்னு கேட்டான். அவர் எழுதினதுக்காக வெச்சுக்கணும், அவர் பேருக்காக வெச்சுக்கணும். எல்லாரும் வெச்சுக்கோ வெச்சுக்கோன்னு சொன்னாங்களே தவிர, ஒருத்தராவது குங்குமத்தை எடுத்து எங்கிட்ட நீட்டினாங்களா? அம்பது வருஷம் அவர் எழுதினதுக்கெல்லாம் காபி போட்டேன். அத்தாட்சியாவும் நானே நிக்கணுமா? போங்கடான்னு எடுத்துட்டேன்."

நான் கோபத்தை எடுத்துக்கொண்டு வந்த இடத்தில் என்னைவிடப் பெரிய கோபம் ஒன்று உட்கார்ந்திருந்தது. பதினொரு வருஷத்தில் முதல் தடவையாக என் மனதில் இருப்பதை இன்னொருவர் வாயால் கேட்கிறேன். நானும் உங்களைப் போலத்தான் அம்மா என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று எனக்கு இப்போதும் தெரியவில்லை.

கிளம்பும்போது, இரு என்று சொல்லி உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் பித்தளைச் சிமிழ். "நான் குடுக்கக் கூடாதும்பாங்க. ஆனா வீட்டுக்கு வந்த பொண்ணை இது குடுக்காம அனுப்பிப் பழக்கமில்ல. எடுத்துக்கோ," என்று மூடியைத் திறந்து நீட்டினார். கை எங்கேயும் நிற்கவில்லை. நேராக என்னிடம் வந்தது.

தொட்டு வைத்துக்கொண்டேன். கண் கலங்கிவிட்டது. அவர் பார்க்காதபடி தலையைக் குனிந்துகொண்டேன். அப்புறம் முறைப்படி, சிமிழை நான் வாங்கி, நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள் என்று அவரிடம் நீட்ட வேண்டும். வாங்கினேன். நீட்டினேன். பாதி தூரத்தில் அந்த வெறும் நெற்றி கண்ணில் பட்டது.

என் கை நின்றது.

ஐந்து நிமிஷத்துக்கு முன்னால்தான் அந்த அம்மாள் வாய்விட்டுச் சொன்னார், ஒருத்தராவது நீட்டினார்களா என்று. காதால் கேட்டுவிட்டுத்தான் நிற்கிறேன். கை நகரவில்லை. யாரோ பின்னாலிருந்து முழங்கையைப் பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது. எனக்கு இருமல்கூட வந்தது.

அவர் சிமிழை மெதுவாக என் கையிலிருந்து வாங்கி மூடினார். "பரவால்லம்மா," என்றார். "எல்லாருக்கும் கை அங்கதான் நிக்குது."

படியிறங்கி எப்படி ரயிலுக்கு வந்தேன் என்று தெரியவில்லை. எனக்கு நீட்டவில்லை, எனக்கு நீட்டவில்லை என்று பதினொரு வருஷம் ஊரைத் திட்டியவள், இத்தனை காலத்தில் நான் யாருக்கு நீட்டினேன்? தாலுகா அலுவலகத்துப் பெண்கள் எத்தனை முறை என் வீட்டுக்கு வந்து போயிருக்கிறார்கள். சாப்பாடு போட்டிருக்கிறேன், பூ கொடுத்திருக்கிறேன், குங்குமம் கொடுத்ததில்லை. கொடுக்க வேண்டும் என்று தோன்றியதுகூட இல்லை. தனக்கு வந்தால் தெரியும் தலைவலி என்பார்கள். எனக்கு வந்தும் தெரியவில்லை.

நலங்குக்கு அம்மையார்குப்பம் போனேன். சமையற்கட்டைப் பார்த்துக்கொண்டேன். கூடத்தில் பாட்டுச் சத்தமும் வளையல் சத்தமும் கேட்டன. முதல் கை வைக்க யாரையோ கூப்பிட்டார்கள், என் பெயர் இல்லை. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வாசற்படியில் வந்து நின்றேன். முகமெல்லாம் மஞ்சளாகப் பலகையில் உட்கார்ந்திருந்த பெண் என்னைப் பார்த்தாள். அடுத்துக் கை வைக்க வந்தவள் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அத்தையைக் கூப்பிடுங்கள் என்று ஒரு வார்த்தை அவள் சொல்லியிருக்கலாம்.

தம்பி மனைவி வரிசையாக எல்லோருக்கும் குங்குமம் கொடுத்துக்கொண்டு வந்தாள். என்னிடம் வந்தாள், கை நின்றது. வழக்கமாக நான் அப்படி நிற்கிறவர்களின் கண்ணை உற்றுப் பார்ப்பேன். அவர்களாகத் தலை குனிகிற வரைக்கும் விடமாட்டேன். அன்றைக்கு அவள் கண்ணில் இருந்த பயம் எனக்குத் தெரிந்த பயம். நான் முதலில் தலை குனிந்தேன். அவள்மேல் கோபமே வரவில்லை. இத்தனை வருஷம் அந்தக் கோபம்தான் எனக்குத் துணையாக இருந்தது. அதுவும் போனபின் பஸ்ஸில் திரும்பி வரும்போது, என் வீட்டுக்காரர் இறந்த அன்றைக்குக்கூட நான் இவ்வளவு தனியாக இல்லை என்று பட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அடிவாரத்துக் கடையில் ஒரு குங்குமச் சிமிழ் வாங்கினேன். பதினொரு வருஷத்தில் என் வீட்டில் சிமிழ் என்று ஒன்று இல்லை, பொட்டலத்திலிருந்து எடுத்துத்தான் வைத்துக்கொள்வேன். மறுபடி பெரம்பூரில் இறங்கினேன். அந்த அம்மாள் கதவைத் திறந்ததும், உள்ளே போகாமல், வாசலில் நின்றபடியே சொன்னேன்:

"அம்மா, எங்க வூட்டுக்காரர் போயிப் பதினோரு வருஷம் ஆச்சி. அன்னிக்கி உங்ககிட்ட சொல்லல."

"தெரியும்," என்றார். "குங்குமத்தை எடுக்கறப்ப உன் கண்ணு கலங்குச்சு. புருஷன் இருக்கறவ யாரும் அதுக்கு அழமாட்டா."

பையிலிருந்து சிமிழை எடுத்துத் திறந்தேன். கை நீண்டது. அதே இடத்தில் நிற்கப் பார்த்தது. நிற்க வேண்டிய இடம் அதற்கு நன்றாகப் பழகியிருந்தது. இடது கையால் வலது கையின் மணிக்கட்டைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போய் அவர் முன்னால் நிறுத்தினேன். பார்க்கச் சிரிப்பாகத்தான் இருந்திருக்கும். அவர் சிரிக்கவில்லை. சிமிழையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன்.

"கண்ணாடி உள்ள இருக்கு," என்று சொல்லி முகத்தை என் பக்கம் கொண்டுவந்தார். "நீயே வெச்சு விடு."